ரேடியோ வாயை மூடிக்கொண்டது

எங்கள் தெருவில் சலூன்காரருக்கு ரேடியோ என்று பெயர். அவர் மகளைக்கூட பள்ளிக்கூடத்தில் ரேடியோ மகள் என்றுதான் கூப்பிட்டார்கள். காலையில் ஷட்டரைத் தூக்கும்போது ஆரம்பிக்கிற வாய், சாயங்காலம் ஷட்டர் இறங்கும்வரை ஓயாது. மழைக்காலம் பிறந்த சமயம், ஒரு திங்கட்கிழமை, அந்த மனிதர் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார்.

பல்வலியாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தோம்.

என் கடை அவர் கடையை ஒட்டி இருக்கிறது. குடை, பை, ஜிப்பு ரிப்பேர். இரண்டு கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்பு, அவ்வளவுதான். இந்தப் பக்கம் நான் குடைக்கம்பியை வளைத்துக்கொண்டிருப்பேன், அந்தப் பக்கம் யார் வீட்டு மாடி ஒழுகுகிறது, எந்த பஸ் எந்த வழியாகப் போகிறது, யாருடைய மாமியார் எதற்குக் கோபித்துக்கொண்டு போனார் என்று ஒலிபரப்பு நடக்கும். பாதி நிஜம், பாதி அவரே கட்டியது. ஏதோ ஒரு நாட்டு ராஜாவுக்கு முகம் மழித்தவன் தும்மிய கதையை எத்தனையோ விதமாகக் கேட்டிருக்கிறேன். ஒரு தடவை ராஜா செத்துப்போவார், இன்னொரு தடவை மழித்தவனுக்கே மகளைக் கட்டிக்கொடுத்துவிடுவார். கேட்கிறவர் முகத்தைப் பார்த்து முடிவை மாற்றிக்கொள்வார். எனக்குச் சலிப்பே வந்ததில்லை. கை வேலையில் இருக்க, காது சும்மா கிடக்கக் கூடாது பாருங்கள்.

அது நின்றதும் இதுவரை கேட்காத சத்தமெல்லாம் கேட்க ஆரம்பித்தது. கத்தரிக்கோல் கிரிச் கிரிச் என்றது. தண்ணீர் பீச்சுகிற புட்டி மூச்சு வாங்கியது. அவர் கடைக் குழாய் சொட்டுகிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். "குனிங்க." "இந்தப் பக்கம்." "ஆச்சு." அன்று முழுக்க அவர் பேசியது இவ்வளவுதான். மறுநாளும் அதுதான், அந்த வாரம் முழுக்க அதுதான்.

தெரு பயந்துபோனது. அதற்குக் காரணம் இருந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் மருந்துக் கடைக்காரருக்கு முடி வெட்டிக்கொண்டிருந்தார் ரேடியோ. ராஜா கதை நடுவழியில் போய்க்கொண்டிருந்தது. பிடரியில் விரல் போன இடத்தில் பேச்சு அப்படியே நின்றது. மிச்ச முடியை மௌனமாக வெட்டி முடித்தார். பிறகு அவரை வெளியே கூட்டிப்போய், "அண்ணே, பின்னாடி ஒரு கட்டி மாதிரி கைல தட்டுது. சும்மா விடாதீங்க, டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார். மருந்துக் கடைக்காரர் காட்டினார், வைத்தியமும் செய்துகொண்டார். ஆனாலும் அடுத்த மழைக்காலத்தை அவர் பார்க்கவில்லை. அன்றிலிருந்து எங்கள் தெருவுக்கு ஒரு கணக்கு உண்டு. ரேடியோ பேசினால் தலை பத்திரம். ரேடியோ நின்றால் தலையில் ஏதோ இருக்கிறது.

இப்போது எல்லாத் தலைக்கும் நின்றுவிட்டதே!

கணக்கு வாத்தியார் முடி வெட்டிக்கொண்டு வெளியே வந்தவர், நேராக என் கடைக்குள் புகுந்து குனிந்து நின்றார். "இங்க தொட்டுப் பாருங்க. காதுக்குப் பின்னாடி. ஏதாவது தட்டுதா?"

"எலும்புதான் சார் தட்டுது."

"எலும்பா? இவ்வளவு பெரிசாவா இருக்கும்?"

தையல்காரர் ஒரு கையால் மெஷினைச் சுற்றிக்கொண்டு மறு கையால் மண்டையைத் தடவிக்கொண்டிருந்தார், யாரோ ஒருவருடைய சட்டைக்கு இரண்டு கையும் இடது கையாகப் போய்விட்டது. முனையில் இருக்கிற கிளினிக்கில் டாக்டரம்மா, "உங்க தெருவுல எல்லாருக்கும் மண்டையில என்னதான் ஆச்சு?" என்று எரிந்து விழுந்தாராம். நேரடியாக ரேடியோவைக் கேட்டவர்களும் உண்டு. "தலையில ஏதாவது இருக்கா?" என்றால், "இல்ல" என்பார். அவ்வளவுதான். ரேடியோவிடமிருந்து ஒற்றை வார்த்தையில் வருகிற பதிலை எவன் நம்புவான்? நானும் யோக்கியன் இல்லை. ஒருநாள் கடையை மூடிய கையோடு தடவிப் பார்த்ததில் உச்சிக்குப் பக்கத்தில் ஒரு மேடு தட்டுப்பட்டது. ஊரில் இருக்கிற என் அக்காவுக்குப் போன் போட்டேன். "அது பொறந்தப்பவே இருந்துச்சுடா மடையா" என்றாள்.

கூட்டம் குறைந்தது. சிலர் பஸ் ஏறிப் போய் வேறு கடையில் வெட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களும் கழுத்தைக் கொடுத்துவிட்டு, கண்ணாடியில் அவர் முகத்தையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கத்தியை வைத்துக்கொண்டு பேசாமல் பின்னால் நிற்கிற மனிதனைப் பார்த்தால் யாருக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

இதெல்லாம் தெருவின் பயம். இதற்கு நடுவில் நிஜமாகவே ஒருத்தி உருகிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

ரேடியோவின் மனைவி என்னை அண்ணே என்றுதான் கூப்பிடும். ஒரு மத்தியானம், மழை கொஞ்சம் விட்டிருந்த நேரம், குடையைத் தூக்கிக்கொண்டு வந்தது. கம்பி ஒன்று ஒடிந்திருந்தது. பார்த்ததுமே தெரிந்தது, தானாக ஒடியவில்லை, ஒடித்தது. இந்தத் தொழிலில் இவ்வளவு காலம் இருப்பவனுக்கு அதுகூடத் தெரியாதா? நான் ஒன்றும் கேட்கவில்லை, ஸ்டூலை நகர்த்திப் போட்டேன்.

"அண்ணே," என்று தடுப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு குரலை இறக்கியது. "அவரு உங்ககிட்ட ஏதாவது சொன்னாரா?"

"எதைப் பத்தி?"

"என்னைப் பத்தி."

"உன்னைப் பத்தி என்னம்மா சொல்லப்போறாரு? அவரு யாரைப் பத்தியும் ஒண்ணும் சொல்றதில்லையே."

"மறைக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா டீ குடிக்கிறவங்க."

"இப்பவும் குடிக்கிறோம். அவரு குடிக்கிறாரு, நான் குடிக்கிறேன். கிளாஸைக் கழுவி வச்சிட்டுப் போயிடறாரு. சத்தியமா அவ்வளவுதான்."

அது ஸ்டூலை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டது. பிறகு கொட்டியது.

"மாசம் ஒரு தடவை என் முடி நுனிய அவருதான் வெட்டி விடுவாரு. கல்யாணம் ஆனதுல இருந்தே அப்படித்தான். வெட்டும்போது கிண்டல் பண்ணிட்டே வெட்டுவாரு. எலி வாலுன்னுவாரு, தொடப்பம்னுவாரு. நானும் திருப்பித் திட்டுவேன். இந்த மாசம் உக்காந்தேன். ஒரு வார்த்தை இல்ல. சீப்பு போயிட்டே இருந்துச்சு. பின்னந்தலைக்கு வந்ததும் கை நின்னுபோச்சு அண்ணே. விரலை வச்சு முடிய விலக்கினாரு. விலக்கிட்டு அப்படியே நின்னாரு. எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியல. எனக்கு மூச்சே வரல. அப்புறம் ஒண்ணும் சொல்லாம வெட்டிட்டு, துண்டை உதறிட்டுப் போயிட்டாரு."

எனக்குச் சுருக்கென்றது. மருந்துக் கடைக்காரர் ஞாபகம் வந்துவிட்டது. அதை முகத்தில் காட்டாமல் இருக்க இடுக்கியை எடுத்துக் கம்பியைத் திருகினேன்.

"டாக்டரம்மாகிட்ட காட்டினியா?"

"காட்டினேன். ஒண்ணும் இல்லன்னாங்க. ஆனா அவங்க வீட்டுக்காரரு இவருகிட்டதானே முடி வெட்டிக்கறாரு? சொல்லாதீங்கன்னு இவரு சொல்லி வச்சிருந்தா?"

"அடப் பாவமே, அப்படியெல்லாம் இருக்குமா?"

"இருக்காதுன்னு நீங்க சொல்லுங்க பாப்போம்."

நான் திருகிய கம்பியையே மறுபடியும் திருகினேன்.

"வீட்லயும் மாறிட்டாரு அண்ணே. சாப்பிட்ட தட்டை அவரே கழுவறாரு. ராத்திரி நான் இருமினா எந்திரிச்சு சுடுதண்ணி வச்சுக் கொடுக்கறாரு. கேட்டா சிரிக்கிறாரு. நல்லா இருக்கிற பொண்டாட்டிக்கு எந்தப் புருஷன் இதெல்லாம் செய்வான், சொல்லுங்க? என் கம்பளிச் சால்வைய மகளுக்குக் கொடுத்துட்டேன். அடுப்படியில எது எது எங்க இருக்குன்னு அவளுக்குக் காட்டிக் கொடுத்துட்டிருக்கேன். அவ சிரிக்கிறா, ஊருக்குப் போறியாம்மாங்கறா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டது. குடையை வாங்க மறந்துபோய், மறுபடி பிடித்துக்கொண்ட மழையில் நடந்தது. அன்றைக்கு நான் ரேடியோவுடன் டீ குடிக்கவில்லை. ஒரு மனுஷன் பொண்டாட்டியை இப்படியா வதைப்பான்?

அடுத்து அந்தப் பெண்ணின் தம்பி வந்தான். லாரி ஓட்டுகிறவன், உரத்த தொண்டை. வந்ததும் வராததுமாகச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, "மாமா, தலைய நல்லாப் பாருங்க" என்றான். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"வெட்டணுமா?" என்றார் ரேடியோ.

"வெட்ட வேணாம். பேசணும். அக்காவுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"அப்ப உங்களுக்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல."

"மாமா, நீங்க பத்து வார்த்தை பேசி அதுல எட்டு பொய்யா இருந்தா நான் நிம்மதியாப் போயிடுவேன். அதுதான் நீங்க. இப்படி ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்லன்னா நான் எதை நம்பறது? வேற எங்கயாவது தொடுப்பு கிடுப்பு வச்சிருக்கீங்களா? ஞாயித்துக்கிழமை சாயங்காலமானா எங்க போறீங்க? செருப்புக் கடை மாடிக்கு ஏறிப் போறதை நானே பாத்தேன்."

அந்தப் பக்கம் சீப்பை டப்பாவில் போடுகிற சத்தம் கேட்டது.

"அங்க யாரு இருக்கா?"

"எல்லாரும்தான்," என்றார் ரேடியோ.

தம்பி காலை உதைத்துக்கொண்டு எழுந்து போனான். போகும்போது என் கடையை எட்டிப் பார்த்து, "நீங்களும் உடந்தையா?" என்று கேட்டுவிட்டுப் போனான். எனக்கு வந்த கோபத்தில் ஒரு ஜிப்பின் ரன்னரைத் தலைகீழாக மாட்டிவிட்டேன்.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை நான் ரேடியோவின் நாற்காலியில் இருந்தேன். சந்தேகமும் இருந்தது, தாடியும் இருந்தது, தாடி அரித்தது. வெளியே கொட்டுகிற மழை. முகமெல்லாம் நுரை. ஒரு கன்னம் முடிந்து கத்தி மறு கன்னத்துக்கு வரப்போகிற நேரம், அவர் மனைவி தலையில் பாலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்தது. பையை எடுத்து உதறிய உதறலில் கண்ணாடியெல்லாம் தண்ணீர்.

"நேத்து நானும் செருப்புக் கடை மாடிக்கு வந்தேன்," என்றது. "பிரார்த்தனைக் கூட்டத்துல கடைசி வரிசைல உக்காந்திருந்தேன். நீங்க திரும்பிப் பாக்கல."

கத்தி காற்றில் நின்றது. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். பாதி முகத்தோடு எங்கே போவது?

"கூட்டத்தை நடத்தற அந்த டெலிபோன் ஆபீஸ் அம்மா பேசறதை முழுசாக் கேட்டேன். காலம்பூரா அடுத்தவங்க பேச்சை இணைச்சு விட்ட அம்மாவாமே? நல்லாத்தான் பேசறாங்க. மாடியில சாமி கும்பிட்டுட்டு, படி இறங்கினதும் வேற ஆளாயிடறீங்கன்னாங்க. தொழில்ல உனக்கு ரொம்பப் பிடிச்சதை, ரொம்பப் பெருமையா நினைக்கிறதைக் கடவுள்கிட்ட கொடுத்துடு, கொடுத்ததை வெளிய சொல்லாதேன்னாங்க. நம்ம தெரு பேக்கரிக்காரரு பக்கத்துல உக்காந்து தலைய ஆட்டிட்டிருந்தாரு. வெளிய வந்ததும் அவரை மடக்கினேன். அவரு என்ன கொடுத்தாருன்னு சொல்ல மாட்டேன்னுட்டாரு. முதல் ரொட்டிய பிச்சுத் தின்னாம கடை திறக்காத மனுஷன். ஆளு பாதியா இளைச்சிருக்காரு. சொல்லவா வேணும்?" மூச்சு வாங்கிக்கொண்டது. "நீங்க வாயைக் கொடுத்துட்டீங்க. அப்படித்தானே?"

ரேடியோ மெல்லத் தலையசைத்தார்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். பெண்களைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும் என்பது அதில் தெரிகிறது.

"அது நிஜமா, இல்ல கடவுள் பேரைச் சொல்லி எதையாவது மூடி மறைக்கிறீங்களா?"

"நிஜம்."

"அப்ப என் தலையில?"

"ஒண்ணும் இல்ல."

"நம்பமாட்டேன். கடவுளுக்குன்னு கொடுத்தா, நான் சாகறேன்னு அழுதுட்டு நிக்கிறப்போ அவரு வேணாம்னுதானே சொல்வாரு? பேசிட்டுப் போடான்னுதானே சொல்வாரு? நீங்க ஏன் இன்னும் பேசமாட்டேங்கிறீங்க?"

ரேடியோ கத்தியைத் துடைத்து வைத்தார். கையையும் துடைத்தார். பேச்சை நிறுத்திய பிறகு அவர் நாலு வார்த்தைக்கு மேல் சேர்த்துப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

"முதல்ல கடவுளுக்குத்தான் கொடுத்தேன். பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன். இப்போ எனக்கே இது பிடிச்சுப்போச்சு. அது தப்பான்னு தெரியல."

"பேசாம இருக்கிறது பிடிச்சிருக்கா? உங்களுக்கா?"

"சின்ன வயசுல வேலை கத்துக் கொடுத்தவரு சொன்னாரு, கத்திய வச்சா வாய் ஓடிட்டே இருக்கணும், அப்பதான் உக்காந்திருக்கிறவன் பயப்படமாட்டான்னு. அதான் பேச ஆரம்பிச்சேன். நிறுத்தத் தெரியாமப் போச்சு. அதெல்லாம் தொழில்."

அவர் மனைவி ஒரு அடி முன்னால் வந்தது.

"என்கிட்ட பேசினதும் தொழில்தானா?"

இல்லை என்று சொல்லு, சொல்லித் தொலை என்று நான் மனசுக்குள் கத்தினேன். பழைய ரேடியோவாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு கதை கட்டி, அழுகிறவளைச் சிரிக்க வைத்திருப்பார். இந்த மனிதர் யோசித்தார். யோசித்துவிட்டு, "பாதி" என்றார்.

அதன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். அடி வாங்கிய முகம். எனக்கே ரேடியோவை எழுந்து அறையலாம் போல இருந்தது. அது வெளியே போய்விடும் என்று நினைத்தேன். போகவில்லை.

"எந்தப் பாதி?" என்றது.

அவர் விழித்தார்.

"இல்ல, தெரிஞ்சுக்கறேன். புதுசுல நான் ரொட்டி சுட்டப்போ, இந்த மாதிரி சாப்பிட்டதே இல்லன்னு சொன்னீங்களே, அது?"

"தொழில்."

"என் தம்பிய உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்னு?"

"தொழில்."

"நான் பாடினா நல்லா இருக்குன்னு?"

ரேடியோ என்னைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். "தொழில்," என்றார்.

"அடப்பாவி!" என்றது. ஆனால் அந்தக் குரலில் ஏதோ மாறியிருந்தது. "மகள் பொறந்தப்போ ஆஸ்பத்திரி வாசல்ல, பையன் இல்லன்னு எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லன்னு சொன்னீங்களே?"

"நிஜம்."

"எங்கம்மா படுக்கையில இருந்தப்போ, எத்தனை நாள் ஆனாலும் இங்கயே இருக்கட்டும்னு சொன்னது?"

அவர் கொஞ்சம் தயங்கினார். "முதல்ல தொழில். அப்புறம் நிஜம்."

அது தலையை ஆட்டிக்கொண்டது, ஒவ்வொன்றையும் வாங்கி எங்கேயோ வைத்துக்கொள்வது மாதிரி. பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டது.

"அன்னைக்கு என் பின்னந்தலையில கை ஏன் நின்னுச்சு?"

"நரை."

"என்னது?"

"பின்னாடி முழுக்க நரைச்சிருக்கு. முன்னாடி கருப்பு, உனக்குக் கண்ணாடியில தெரியாது. மாசாமாசம் நான்தான் வெட்டறேன். பேசிட்டே வெட்டினதுல நான் பாக்கவே இல்ல. அன்னைக்குப் பேசாம வெட்டினேனா, பாத்தேன். எப்ப இப்படி ஆச்சுன்னு நின்னுட்டேன்."

அதன் கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது. "முழுக்கவா?"

"முழுக்க."

இன்னொரு ஆள் சொல்லியிருந்தால் இரண்டே இரண்டு முடி என்றிருப்பான். ரொட்டியையும் பாட்டையும் பாராட்டியது பொய் என்று ஒத்துக்கொண்ட பிறகு இந்த மனிதர் இதில் மட்டும் பொய் சொல்ல ஏது வழி? எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அவர் மனைவிக்கும் வந்துவிட்டது என்று தோள் இறங்கியதில் தெரிந்தது.

"அப்ப நான் சாகப்போறது இல்லையா?"

"இப்போதைக்கு இல்ல."

அது சிரித்தது. சிரித்துக்கொண்டே அழுதது. எத்தனை நாளாக அடக்கி வைத்த அழுகையோ, பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தைப் புதைத்துக் குலுங்கியது. ரேடியோ பக்கத்தில் போய் நின்றார், என்ன செய்வது என்று தெரியாமல் துண்டை நீட்டினார். அது வாங்கி மூக்கைச் சிந்திவிட்டு அவரிடமே கொடுத்தது. அவர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். ஒரு பெரிய கதைக்கான மூச்சு அது, எனக்குத் தெரியும், எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன்.

"வேணாம்," என்று அது கையைக் காட்டியது. எழுந்து என்னிடம் வந்தது. "அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க."

எழுந்தேன். நுரை காய்ந்து கன்னம் இழுத்தது. அது நாற்காலியில் உட்கார்ந்து கொண்டை ஊசியை உருவிவிட்டது. முடி முதுகில் விழுந்தது. அவர் சொன்னது நிஜம்தான், பின்பக்கம் முழுக்க வெள்ளை.

"வெட்டுங்க," என்றது. "பேசாம வெட்டுங்க."

அவர் சீப்பை எடுத்தார். நான் பாதிச் சவரத்தோடு பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். வாசலில் கணக்கு வாத்தியார் குடையை மடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார், விரலை வாயில் வைத்துக் காட்டினேன், அவரும் உள்ளே வந்து சத்தமில்லாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார்.